டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய ஒரு குட்டி கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. "டிவியில் வரும் நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பிறகு நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா?" முடியும். புதுக்கோட்டை மாவட்டம் கீரனூரில் எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே அப்படி ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கும். சொல்லி வைத்த நேரத்தில் சொல்லி வைத்த சேனலைப் பதிவு செய்து, பெயரும் தேதியும் போட்டு வைத்துவிடும்.

இதை அமைக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பிராசசர் எவ்வளவு வேகம், ராம் எத்தனை ஜிபி என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவை இரண்டாம் பட்சம். பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். ஒன்று, உங்கள் வீட்டுக்கு வரும் டிவி சிக்னல் பூட்டப்பட்டதா, திறந்ததா? இரண்டு, கரண்ட் போய் வந்தால் இந்த மெஷின் தானாக எழுந்து சரியான நேரத்துக்கு வேலை செய்யுமா? இரண்டாவது கேள்வியை நான் அலட்சியப்படுத்தினேன். அதனால் எங்கள் குடும்பத்துக்கு என்ன நஷ்டம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முன்பு எப்படி இருந்தது?

2000-களில் இந்த வேலை சுலபம். டிவி ட்யூனர் கார்டு என்று ஒன்றை வாங்கி, மதர்போர்டில் உள்ள பிசிஐ ஸ்லாட்டில் செருகுவார்கள். பல கார்டுகளில் பிடி878 என்ற சிப் இருக்கும். கேபிள்காரர் தந்த வயரையோ மொட்டை மாடி ஆன்டெனா வயரையோ அதில் நேராகச் சொருகினால் எல்லாச் சேனல்களும் வந்துவிடும். அப்போது வந்தது அனலாக் சிக்னல். அதற்குப் பூட்டு கிடையாது.

டிவி பார்ப்பதற்கென்றே தனிச் சாப்ட்வேர்களும் வந்தன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002-ல் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷனை வெளியிட்டது. அதே ஆண்டு லினக்சுக்காக மித்டிவி என்ற இலவச சாப்ட்வேர் தொடங்கப்பட்டது.

பிறகு காட்சி மாறியது. கேபிள் டிவி சட்டம் 2011-ல் திருத்தப்பட்டு, நாடு முழுவதும் கேபிள் படிப்படியாக டிஜிட்டல் ஆனது. கிராமங்களுக்கான கடைசிக் கட்டத்தின் கெடு 2017 மார்ச் மாதம் முடிந்தது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனமும் 2017-ல் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் நிறுத்திவிட்டது. விண்டோஸ் மீடியா சென்டரும் 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் இல்லை. ஆகவே யாராவது பழைய ட்யூனர் கார்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் ஆசைப்பட்டு வாங்காதீர்கள். அது கேட்கும் சிக்னல் இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவதில்லை.

முதல் கேள்வி: சிக்னல் எங்கிருந்து வருகிறது?

இன்று வீடுகளுக்கு டிவி வரும் வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது டிஜிட்டல் கேபிள். இதில் சிக்னல் பூட்டப்பட்டே வருகிறது. பூட்டைத் திறக்கும் சாவி உங்கள் பெயரில் பதிந்த செட்டாப் பாக்ஸில்தான் இருக்கிறது. எனவே கேபிள் வயரைக் கம்ப்யூட்டரில் நேராகச் செருகிப் பயன் இல்லை.

இரண்டாவது, மாதச் சந்தா கட்டும் தனியார் டிடிஎச். இங்கும் அதே கதைதான். சில நிறுவனங்கள் பதிவு வசதி உள்ள செட்டாப் பாக்ஸ்களைக் கொடுத்ததுண்டு. அந்தப் பதிவை அந்தப் பெட்டியில்தான் பார்க்க முடியும்.

மூன்றாவது டிடி ஃப்ரீ டிஷ். பிரசார் பாரதி நடத்தும் இந்த இலவச டிடிஎச் சேவை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. மாதச் சந்தா இல்லை. டிடி தமிழ் இதில் உண்டு. பொதிகை என்று நாம் அழைத்த சேனல்தான் 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் ஆனது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2017-ல் தொடங்கிய ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்களும் இதே செயற்கைக்கோளில் வருகின்றன. தூர்தர்ஷன் சேனல்கள் பூட்டப்படாமல் வருவதால் கம்ப்யூட்டரில் நேராகப் பதிவு செய்யலாம்.

கட்டணச் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷில் வராது. சேனல் பட்டியலும் அவ்வப்போது மாறும். உங்கள் வீட்டில் மாலை முழுவதும் மெகா தொடர்தான் ஓடும் என்றால், கடைசியில் சொல்லும் கேபிள் வழியே உங்களுக்குப் பொருந்தும். செய்தி, விவசாயம், கர்நாடக இசை, பாடம் என்று பார்ப்பவர்களுக்கு ஃப்ரீ டிஷ் போதும். எங்கள் வீடு இரண்டாவது ரகம். அதனால் அந்த வழியை விவரமாகச் சொல்கிறேன்.

பதிவு செய்வது சட்டப்படி சரியா?

இந்தச் சந்தேகம் வருவது நியாயம். அமெரிக்காவில் வீடியோ டேப் ரெக்கார்டர் தொடர்பாகச் சோனி நிறுவனத்தின் மீது தொடரப்பட்ட வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது தவறல்ல என்று 1984-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. ஒளிபரப்பை ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்று அது சொல்கிறது.

சொந்த உபயோகம் என்ற சொல்லை மறக்கக் கூடாது. பதிவு செய்ததை யூடியூபில் ஏற்றுவதும், சிடி போட்டு விற்பதும், வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புவதும் வேறு விஷயம். பூட்டை உடைக்கும் குறுக்கு வழிகளை நான் இங்கே சொல்லப் போவதும் இல்லை. 2012-ல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

என்னென்ன வாங்க வேண்டும்?

1. மினி கம்ப்யூட்டர்: அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த சிறிய மெஷின்கள் கிடைக்கின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி போன்றவை. இன்டெல் 6-வது தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம் தாராளம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 8-வது தலைமுறை இன்டெல் பிராசசராவது வேண்டும் என்பதால், நல்ல நிலையில் உள்ள இந்தப் பழைய மெஷின்கள் ஒதுக்கப்படுகின்றன. நாம் விண்டோஸ் போடப் போவதில்லை என்பதால் நமக்கு அது லாபம். புதிதாகவே வேண்டும் என்றால் இன்டெல் என்100 பிராசசர் உள்ள மினி கம்ப்யூட்டரைப் பார்க்கலாம்.

2. டிவிபி-எஸ்2 ட்யூனர்: டிஷ்ஷிலிருந்து வரும் சிக்னலைப் படிப்பது இதுதான். யூஎஸ்பியில் இணைப்பது நல்லது. மினி கம்ப்யூட்டரில் கார்டு செருக இடம் இருக்காது. டிபிஎஸ் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ட்யூனர் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டிவிபி-டி2, டிவிபி-சி என்று போட்டவை வேறு வகை. பெட்டியில் எஸ்2 என்று இருக்க வேண்டும்.

3. டிஷ், எல்என்பி: ஏற்கெனவே ஃப்ரீ டிஷ் பாக்ஸ் இருந்து, அதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றால் இரண்டு அவுட்புட் உள்ள ட்வின் எல்என்பி வாங்கி மாட்டுங்கள். ஒரே வயரைச் சாதாரண ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்தால் பாக்ஸும் ட்யூனரும் ஒரே எல்என்பிக்கு ஆளுக்கொரு வோல்டேஜ் அனுப்பிச் சண்டை போடும்.

4. ஹார்ட் டிஸ்க்: சிஸ்டத்துக்குச் சிறிய எஸ்எஸ்டி ஒன்று. பதிவுகளுக்கு 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று.

5. யூபிஎஸ்: இதைப் பட்டியலின் கடைசியில் போட்டிருக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள்.

ஏன் வேகமான பிராசசர் தேவையில்லை?

செயற்கைக்கோளிலிருந்து வரும் படம் ஏற்கெனவே எம்பெக் முறையில் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. ஒரு டிரான்ஸ்பாண்டரில் பல சேனல்கள் ஒன்றாகக் கலந்து, 188 பைட் அளவுள்ள சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஓர் எண் இருக்கும். தபால் நிலையத்தில் மூட்டையைக் கொட்டி, பின்கோடு பார்த்துக் கடிதங்களைப் பிரிக்கிறார்கள் அல்லவா? அதே வேலைதான் இங்கேயும். நீங்கள் கேட்ட சேனலின் எண் உள்ள பொட்டலங்களை மட்டும் பொறுக்கி ஹார்ட் டிஸ்க்கில் எழுதினால் பதிவு முடிந்தது. படத்தைத் திரும்பச் சுருக்க வேண்டியதில்லை. தரமும் குறையாது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே டிரான்ஸ்பாண்டரில் வரும் இரண்டு மூன்று சேனல்களை ஒரே ட்யூனரால் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியும்.

மின்சாரச் செலவையும் கணக்குப் போடுங்கள். சும்மா இருக்கும்போது 70 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் இரண்டு மாதம் ஓயாமல் ஓடினால் 100 யூனிட்டைத் தாண்டும். 10 வாட் இழுக்கும் மினி கம்ப்யூட்டருக்கு அதே இரண்டு மாதத்தில் ஆவது 14 யூனிட் சொச்சம். வீட்டில் தூங்கும் பழைய பிசியை இதற்குப் பயன்படுத்த நினைத்த நான், இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் மனம் மாறினேன்.

டிஷ்ஷை எங்கே திருப்புவது?

ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர் மேலே. கீரனூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் சுமார் 125 டிகிரியில் வரும். உயரம் அடிவானத்திலிருந்து சுமார் 69 டிகிரி. அதாவது தலைக்கு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம். இதனால் நமக்கு ஒரு வசதி. பக்கத்து மாடி, தென்னை மரம் எல்லாம் அவ்வளவாக மறைக்காது. ஆனால் வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை. கிண்ணத்தின் முகம் செயற்கைக்கோளை நேராகப் பார்க்காது, அதைவிடத் தாழ்ந்தே பார்க்கும். முகத்தை வைத்து உயரத்தைக் கணிக்காமல், பின்பக்கக் கிளாம்பில் உள்ள டிகிரி அளவைப் பாருங்கள்.

எல்என்பியை லேசாக இடமும் வலமும் திருகி, சிக்னல் தரம் எங்கே அதிகமோ அங்கே இறுக்குங்கள். சிக்னல் அளவு, சிக்னல் தரம் என்று இரண்டு எண்கள் காட்டும். பதிவுக்கு முக்கியம் தரம்தான். இது கேயூ பேண்ட் என்பதால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிக்னல் அறுந்து போகும். வெயில் நாளில் பாஸ் மார்க் வாங்கும் டிஷ் மழை நாளில் பெயில் ஆகிவிடும். அதனால் படம் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாமல், முடிந்தவரை அதிகத் தரத்துக்கு வைத்து இறுக்குங்கள்.

சாப்ட்வேர் போடுவது எப்படி?

நான் பயன்படுத்துவது லிப்ரெலெக். இது லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, கோடி என்ற மீடியா சாப்ட்வேரை மட்டுமே ஓட்டும் சிறிய இயங்குதளம். முற்றிலும் இலவசம். லினக்ஸ் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ரிமோட்டை வைத்தே பெரும்பாலான வேலையை முடிக்கலாம். பதிவு செய்யும் வேலையை டிவிஹெட்எண்ட் என்ற இன்னொரு இலவச சாப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது.

படி 1: வேறொரு கம்ப்யூட்டரில் லிப்ரெலெக்கின் யூஎஸ்பி கிரியேட்டர் புரோகிராமை இறக்கி, பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஜெனரிக் என்ற பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 2: மினி கம்ப்யூட்டரைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். எச்சரிக்கை: தேர்ந்தெடுக்கும் டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

படி 3: கோடியில் ஆட்-ஆன் பகுதிக்குப் போய் டிவிஹெட்எண்ட் சர்வரையும், பிறகு டிவிஹெட்எண்ட் எச்டிஎஸ்பி கிளையண்டையும் இன்ஸ்டால் செய்யுங்கள். முதலாவது பதிவு செய்வது. இரண்டாவது அதை டிவித் திரையில் காட்டுவது.

படி 4: வீட்டு வைஃபையில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில், மினி கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை அடித்து, முக்காற்புள்ளி போட்டு 9981 என்று சேர்த்தால் டிவிஹெட்எண்டின் பக்கம் திறக்கும்.

படி 5: அங்கே டிவிபி-எஸ் நெட்வொர்க் ஒன்றைச் சேர்த்து, 93.5 டிகிரி கிழக்கு செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுங்கள். ட்யூனரை எனேபிள் செய்து இந்த நெட்வொர்க்குடன் இணையுங்கள். எல்என்பி வகைக்கு யூனிவர்சல் என்பதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

படி 6: ஸ்கேன் முடியும்வரை காத்திருங்கள். பிறகு கிடைத்த சர்வீஸ்களைச் சேனல்களாக மேப் செய்யுங்கள். அவ்வளவுதான். கோடியில் டிவி பகுதியைத் திறந்தால் சேனல்கள் வரிசையாக நிற்கும்.

பதிவுக்கு நேரம் குறிக்கும்போது முன்னால் 5 நிமிடமும் பின்னால் 15 நிமிடமும் கூடுதலாகக் கொடுங்கள். பேடிங் என்று அதற்கு ஓர் இடம் இருக்கிறது. நேரலை நிகழ்ச்சி நீண்டுவிட்டால் அடுத்து வருவது தாமதமாகத்தான் தொடங்கும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

சாதாரணத் தரச் சேனல் ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு அரை மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி. ஆக 1.8 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 550 மணி நேரம் பிடிக்கும். தினம் இரண்டு மணி நேரம் பதிவு செய்தாலும் ஒன்பது மாதம் ஓடும்.

ஹார்ட் டிஸ்க்கை எஃப்ஏடி32 முறையில் பார்மட் செய்யாதீர்கள். அதில் ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. மேலே சொன்ன கணக்கில் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் போகும் சினிமாவின் கிளைமாக்ஸ் கிடைக்காது! லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறை நல்லது.

கேபிள் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ அவுட்புட்டில் பெரும்பாலும் எச்டிசிபி என்ற காப்பு இருக்கும். அது பதிவுக்கு விடாது. ஆனால் பல பாக்ஸ்களில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற ஏவி அவுட்புட் உண்டு. அதை யூஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி ஒன்றில் இணைத்து, ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற இலவச சாப்ட்வேரில் பதிவு செய்யலாம். இதற்கு உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரே போதும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலில் பால் முறை, 720க்கு 576, நொடிக்கு 25 பிரேம் என்று அமைக்க வேண்டும். என்டிஎஸ்சி என்று இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். இரண்டாவது, இந்தப் படம் சுருக்கப்படாமல் வருகிறது. அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி ஆகும். எச்.264 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் அது 0.9 ஜிபியாகக் குறையும். இந்தச் சுருக்கும் வேலைக்குப் பிராசசர் கொஞ்சம் உழைக்க வேண்டும். மூன்றாவது, கம்ப்யூட்டரால் செட்டாப் பாக்ஸின் சேனலை மாற்ற முடியாது. நீங்கள் எந்தச் சேனலில் விட்டுப் போனீர்களோ அதுதான் பதிவாகும். கரண்ட் போய் வந்து பாக்ஸ் ஸ்டாண்ட்பையில் நின்றுவிட்டால் பதிவாவது வெறும் கறுப்புத் திரைதான்.

இரண்டாவது கேள்வி: கரண்ட் போனால்?

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2024 நவம்பரில் டிவியில் ஒரு விவசாய நிகழ்ச்சியில் என் சித்தப்பா நிலக்கடலை சாகுபடி பற்றிப் பேசினார். அவர் காட்டுக்கே வந்து படம் எடுத்துப் போயிருந்தார்கள். ஒளிபரப்பு மாலை ஐந்தரைக்கு. அன்று சொந்தத்தில் ஒரு கல்யாணம், நாங்கள் எல்லோரும் திருச்சியில் இருந்தோம். "கவலைப்படாதீங்க சித்தப்பா, கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சிரும்" என்று நான்தான் சொன்னேன். அவரும் நம்பிக் கல்யாணத்துக்கு வந்துவிட்டார்.

இரவு வீட்டுக்கு வந்து பார்த்தால் பதிவு இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிஷ் சரியாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தது. லாக் பைலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காலையில் ஒன்றரை மணி நேரம் கரண்ட் போயிருக்கிறது. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஆன் ஆகிவிட்டது. ஆனால் மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி செத்துப் போயிருந்ததால், அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டது. பிராட்பேண்ட் இருந்திருந்தால் இண்டர்நெட்டிலிருந்து நேரத்தைத் திருத்திக்கொண்டிருக்கும். அன்று பிராட்பேண்ட் இரவு ஏழு மணிக்குத்தான் வந்தது. மாலை ஐந்தரை மணி என்று ஒன்று வந்ததே மெஷினுக்குத் தெரியவில்லை.

சிஆர்2032 என்ற அந்த பேட்டரியின் விலை ஐம்பது ரூபாய்க்குள். பழைய மெஷின் வாங்கியபோது ராமைக் கூட்டினேன், எஸ்எஸ்டி மாற்றினேன். பேட்டரியைத் தொடவில்லை.

அதன் பிறகு நான் செய்தவற்றை அப்படியே தருகிறேன். நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள்.

* பழைய கம்ப்யூட்டர் என்றால் சிஆர்2032 பேட்டரியைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். சில மெஷின்கள் பேட்டரி செத்தால் ஏதாவது கீயை அழுத்தச் சொல்லித் திரையில் நின்றேவிடும்.

* பயாஸில் மின்சாரம் திரும்பினால் ஆன் ஆக வேண்டும் என்ற செட்டிங்கைப் போடுங்கள். ஏசி பவர் ரிகவரி, ஆஃப்டர் பவர் லாஸ் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். பவர் ஆன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

* யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரை மட்டும் இணைத்தால் போதாது. ட்யூனரின் அடாப்டர், வைஃபை மோடம் இரண்டையும் அதிலேயே இணையுங்கள். ட்யூனர் வழியாகத்தான் எல்என்பிக்கும் கரண்ட் போகிறது. எல்லாம் சேர்த்து 30 வாட்டைச் சுற்றித்தான் வரும் என்பதால் 600 விஏ யூபிஎஸ் அரை மணி நேரமாவது தாங்கும். டிவியை இதில் இணைக்காதீர்கள்.

* வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கும் கணத்தில் கம்ப்யூட்டர் அணைந்து எழும். ஓடிக்கொண்டிருந்த பதிவு இரண்டு துண்டாகிவிடும்.

* டிவிஹெட்எண்டின் செட்டிங்கில் ஒளிபரப்பிலிருந்தே நேரத்தை எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இண்டர்நெட் இல்லாத வீடுகளுக்கு இது உதவும்.

* மெஷினைக் காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். எங்கள் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், மூடிய டிவி அலமாரிக்குள் வைத்தால் மின்விசிறி ஓயாமல் கத்தும்.

கடைசியாக ஒரு பரீட்சை. ஒரு பதிவுக்கு நேரம் குறியுங்கள். அது தொடங்குவதற்கு அரை மணி முன்னால் மோடம் வயரைக் கழற்றிவிடுங்கள். யூபிஎஸ் உள்பட எல்லா சுவிட்சையும் அணையுங்கள். பத்து நிமிடம் கழித்துச் சுவிட்சுகளை மட்டும் போடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். குறித்த நேரத்தில் பதிவு தொடங்கினால் உங்கள் கம்ப்யூட்டர் தேறிவிட்டது. நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்கிறேன்.

முக்கியமான நிகழ்ச்சி என்றால் வீட்டில் ஒருவரை அந்த நேரத்தில் டிவியைப் போட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். பதிவாகவில்லை என்றால் செல்போனிலாவது திரையைப் படம் பிடித்து வைக்கலாம்.

சித்தப்பாவின் நிகழ்ச்சி மறுஒளிபரப்பு ஆகுமா என்று பல நாள் பார்த்தேன். ஆகவில்லை. அன்று இரவு "என்னப்பா, பதிஞ்சிருச்சா?" என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றதும் "சரி விடு, கடலை நல்லா விளைஞ்சிருக்கு, அது போதும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. இப்போதும் தினமும் மாலை விவசாய நிகழ்ச்சி எங்கள் மெஷினில் பதிவாகிறது. காட்டிலிருந்து வந்ததும் அவர் கேட்பதற்கு முன்பே போட்டுவிடுகிறேன். புது பேட்டரியைப் போட்ட தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மெஷினின் தலையில் ஒட்டியிருக்கிறேன். நீங்களும் ஒட்டுங்கள்.